குழுக்களை மாற்றும் முன் ஒப்புதல் முறைகளை மாற்றுங்கள்: உலகளாவிய மாற்றக் குழுவுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாற்றக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுகள் அனைத்தும், அவை எந்த நாட்டில் இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள், மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி அடிக்கடி வெளியிடும் அஜைல், வேலையில் வீணடிப்பைக் குறைக்கும் லீன் ஆகிய முறைகளுக்கு மாறிவிட வேண்டும் என்று தாங்கள் வெளியிட்ட அறிவிப்பைத் தஞ்சாவூர் கிளையில் பணிபுரியும் நாங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றோம். எங்களில் பலர் நெடுநாளாகக் கேட்டு வந்த மாற்றம் இது. ஆனால் அறிவிப்போடு வந்த செயல்திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தபோது, மாற வேண்டியவர்கள் என்று அதில் குறிக்கப்பட்டிருப்பது எங்களைப் போன்ற குழுக்கள் மட்டுமே என்பதைக் கண்டோம். ஒரு வேலை எப்போது தொடங்கலாம், எங்கே காத்திருக்க வேண்டும், எந்த நாளில் வாடிக்கையாளரைச் சென்றடையும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற ஆண்டு நிதி ஒதுக்கீடு, ஒப்புதல் வாரியங்கள், காலாண்டு வெளியீட்டு அட்டவணை, ஊழியர் மதிப்பீட்டு முறை ஆகியவற்றைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இவை மாறாமல் குழுக்கள் மட்டும் மாறினால், எங்கள் கூட்டங்களின் பெயர்கள் மாறுமே தவிர, வாடிக்கையாளர் ஒரு நாள்கூட முன்னதாக எதையும் பெறமாட்டார். இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே இம்மடலின் நோக்கம்.

இதைத் திறந்த மடலாக எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. திருச்சி நவல்பட்டில் எல்காட் பூங்கா வந்தது. 2024இல் தஞ்சாவூரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. திருக்குவளையிலும் பட்டுக்கோட்டையிலும் கும்பகோணத்திலும் பொறியியல் படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல் சொந்த ஊருக்கு அருகிலேயே உலக நிறுவனங்களுக்கு வேலை செய்யும் வாய்ப்பு டெல்டாவுக்கு இப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. எங்கள் கிளையில் இந்த மாற்றம் எப்படி நடக்கிறதோ அப்படித்தான் பிற நிறுவனங்களின் கிளைகளிலும் நடக்கும் என்று நண்பர்கள் வழியாக அறிகிறேன். எனவே பலரும் படித்து, தத்தம் மேலிடத்தோடு பேசுவதற்கு இது உதவட்டும் என்று விரும்புகிறேன்.

தங்கள் பயிற்சிக் காணொளிகள் 2001 பிப்ரவரியில் தொடங்குகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்னும் பனிமலை விடுதியில் 17 மென்பொருளாளர்கள் கூடி அஜைலின் நான்கு விழுமியங்களை அறிவித்ததையும், அவற்றோடு பன்னிரண்டு கொள்கைகள் சேர்ந்ததையும் அவை சரியாகவே சொல்கின்றன. ஆனால் அந்தப் பன்னிரண்டில் மேலிடத்தைக் கட்டுப்படுத்துகிற கொள்கைகளைப் பற்றிப் பயிற்சியில் ஏறத்தாழ ஒன்றுமே பேசப்படவில்லை. தொழிலை அறிந்தவர்களும் மென்பொருளை உருவாக்குபவர்களும் திட்டம் முழுவதும் அன்றாடம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்கிறது ஒரு கொள்கை. ஊக்கமுள்ளவர்களைக் கொண்டு திட்டத்தை அமைத்து, அவர்களுக்கு வேண்டிய சூழலைத் தந்து, வேலையை முடிப்பார்கள் என்று நம்பி விட்டுவிட வேண்டும் என்கிறது இன்னொன்று. நிதி தருவோர், உருவாக்குவோர், பயன்படுத்துவோர் ஆகிய எல்லோரும் ஒரே சீரான வேகத்தைக் காலவரையின்றித் தொடரக் கூடியவர்களாக இருக்க வேண்டும் என்கிறது மற்றொன்று. இந்தக் கொள்கைகளைக் குழு தனியாக நிறைவேற்ற முடியாது. நிதி தருவோரும் தொழிலை அறிந்தவர்களும் எங்கள் கிளையில் இல்லை. அவர்கள் தங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்கள் ஒரு முறையை எடுத்துக்கொள்ளும்போது வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது புதிதல்ல. தேவைகளைத் திரட்டி, வடிவமைத்து, நிரல் எழுதி, இறுதியில் சோதிக்கும் படிநிலை வரைபடத்தை 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் ஒரு கட்டுரையில் வரைந்தார். சோதனையைக் கடைசியில் வைக்கும் அந்த அமைப்பு ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அதே கட்டுரையில் அவரே எச்சரித்தும் இருந்தார். உலகம் வரைபடத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது. அதன் விளைவை முப்பது ஆண்டுகள் இத்துறை சுமந்தது. அஜைலுக்கும் அதே கதி நேரக் கூடாது என்பதே எங்கள் கவலை.

லீன் முறையின் வரலாறு இந்த விஷயத்தில் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1924இல் சகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும். பழுதான துணி மேலும் மேலும் நெய்யப்படாது. பின்னர் டொயோட்டா கார் ஆலைகளில் டாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த உற்பத்தி முறையில் அந்தக் கருத்து மனிதரின் கைக்கு வந்தது. வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறையைக் கண்டால் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் வரிசையே நிற்கும். மேற்பார்வையாளர் ஓடிவந்து காரணத்தைத் தேடுவார். காத்திருப்பு, தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, தேவையற்ற இடமாற்றம், குறைபாடு முதலிய ஏழு வகை வீணடிப்புகளை ஓனோ வகைப்படுத்தினார். மேரி பாப்பென்டீக்கும் டாம் பாப்பென்டீக்கும் 2003இல் இவற்றை மென்பொருளுக்குப் பொருத்திக் காட்டினார்கள். பாதியில் நிற்கும் வேலை, யாரும் கேட்காத வசதிகள், கைமாற்றங்கள், ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவுதல், தாமதம், குறைபாடு என்று அவர்கள் சொன்ன வீணடிப்புகளில் எதையும் எங்கள் கிளையில் ஒரே வாரத்தில் காட்ட முடியும்.

தங்கள் குழு ஊன்றிப் படிக்க வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, மோசமான தரத்துக்கும் ஓயாத தொழில் தகராறுக்கும் பேர்போனதாக இருந்து, 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையை நும்மி என்ற பெயரில் திறந்தன. பழைய தொழிலாளர்களே பெரும்பான்மையாக மீண்டும் சேர்க்கப்பட்டனர், தொழிற்சங்கமும் அதுவே. மாறியது நிர்வாகம் அவர்களை நடத்திய விதம். குறுகிய காலத்திலேயே அங்கே தயாரான கார்களின் தரம் ஜப்பானிய ஆலைகளின் தரத்தோடு ஒப்பிடும் அளவுக்கு உயர்ந்தது. அந்த ஆலையில் பொறியாளராக இருந்த ஜான் கிராஃப்சிக் என்பவர்தான் 1988இல் இந்த முறைக்கு லீன் என்ற பெயரை வழங்கினார். இந்தக் கதையின் மறுபாதி நமக்கு மேலும் முக்கியமானது. கண்முன்னே வெற்றி இருந்தும், ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுசேர்க்க மிக நீண்ட காலம் திணறியது. கயிற்றைக் கட்டிவிட்டார்கள், ஆனால் வரிசை நிற்காமல் ஓடுவதையே வைத்து மேலாளர்களை மதிப்பிடும் பழக்கம் தொடர்ந்த இடங்களில் கயிற்றை இழுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

இப்போது எங்கள் நிலைமைக்கு வருகிறேன். சரக்குப் போக்குவரத்துக்கான பில் மென்பொருளில் வரி விவரத்தைத் தெளிவாகக் காட்டும்படி வாடிக்கையாளர் ஒருவர் சிறு திருத்தம் கேட்டார். நிரலை எழுத ஒரு நாள், சோதிக்க ஒரு நாள், அவ்வளவுதான் வேலை. ஆனால் இரு வாரங்களுக்கு ஒருமுறை கூடும் மாற்ற ஒப்புதல் வாரியத்தின் முன் அது காத்திருந்தது. பல குழுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் சோதனைச் சூழல் காலியாகும்வரை காத்திருந்தது. வேறொரு கண்டத்திலுள்ள பாதுகாப்புப் பிரிவின் பார்வைக்குக் காத்திருந்தது. கடைசியாகக் காலாண்டு வெளியீட்டுக்குக் காத்திருந்தது. வாடிக்கையாளரின் திரையில் அது தோன்றியபோது ஒரு காலாண்டு முழுதாகக் கழிந்திருந்தது. இதற்குப் பின் எங்கள் குழு இரு வார ஸ்பிரின்ட்டுக்கு, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு வேலைத் தொகுதியை முடிக்கும் சுழற்சிக்கு, மாறியது. அந்த இரண்டு நாள் வேலை இப்போது இன்னும் ஒழுங்காக நடக்கிறது. காத்திருப்பில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

கேட்பு எழுந்த நாளிலிருந்து அது பயனுக்கு வரும் நாள்வரை ஒவ்வொரு படியையும் வரைந்து, வேலை நடந்த நேரத்தையும் சும்மா கிடந்த நேரத்தையும் தனித்தனியே குறித்துப் பார்ப்பது லீன் முறையின் அடிப்படைப் பயிற்சி. தங்கள் செயல்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தங்கள் குழு உறுப்பினர்கள் தங்கள் கையாலேயே அந்த வரைபடத்தை ஒருமுறை வரைந்துவிட்டால், எங்கே கை வைக்க வேண்டும் என்று எங்களிடம் கேட்க வேண்டிய தேவையே இராது என்று நம்புகிறேன்.

காத்திருப்பு ஏன் இவ்வளவு நீள்கிறது என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. ஓர் அமைப்புக்குள் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, வேலைகள் வந்துசேரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வருவதாகும் என்பதை 1961இல் ஜான் லிட்டில் நிறுவினார். வாரத்துக்கு நான்கு வேலைகளை முடிக்கிற குழுவின் கையில் ஒரே நேரத்தில் 40 வேலைகள் இருந்தால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாகப் பத்து வாரம் ஆகும். அதே குழு, அதே உழைப்பு, கையில் பன்னிரண்டு வேலைகள் மட்டும் என்றால் மூன்று வாரம் போதும். யாரும் கூடுதலாக உழைக்க வேண்டியதில்லை. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது புரியாத கணக்கு அன்று. மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் தலைமடை நனையும், தலைஞாயிறு, கீழையூர்ப் பக்கத்துக் கடைமடைக்கு ஒரு சொட்டும் வராது என்று அறிந்துதான், காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் கான்பான் பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதப்படும் வேலை வரம்பும் இதைத்தான் செய்கிறது.

அந்த வரம்பை எங்கள் குழு பலமுறை வைத்துப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அது மேலிருந்து வரும் ஓர் அவசர வேலையால் உடைந்தது. காரணம் எளிது. ஆண்டுத் தொடக்கத்திலேயே நிதி ஒதுக்கப்பட்ட திட்டங்கள் எல்லாமும் ஏப்ரலில் ஒன்றாகத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் தன் திட்டம் நகர்வதாகக் காட்ட வேண்டியிருக்கிறது. அதோடு, கிளை மேலாளர்கள் ஊழியரின் நேரத்தில் எத்தனை விழுக்காடு வேலையால் நிரம்பியிருக்கிறது என்பதை வைத்தே மதிப்பிடப்படுகிறார்கள். நிரப்பும் அளவு நூறு விழுக்காட்டை நெருங்க நெருங்க, வரிசையில் காத்திருக்கும் நேரம் செங்குத்தாக ஏறும் என்பது வரிசைக் கோட்பாட்டின் அடிப்படைப் பாடம். எங்கள் மேலாளர் இதை அறியாதவர் அல்லர். தன்னைப் பற்றிய அறிக்கையில் அந்த எண் குறைந்தால் சிவப்பாகக் காட்டப்படும் நிலை இருக்கும்வரை அவரால் வேறு எதுவும் செய்ய இயலாது. எத்தனை திட்டங்கள் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கலாம் என்ற வரம்பை முதலில் தங்கள் மேசையில் வைத்தால்தான் எங்கள் பலகையில் வைக்கும் வரம்பு நிற்கும்.

அடுத்தது வேலைப் பிரிவினை. ஒரு நிறுவனத்தின் தொடர்புமுறை எப்படியோ, அது உருவாக்கும் அமைப்பின் வடிவமும் அப்படியே இருக்கும் என்று 1968இல் மெல்வின் கான்வே எழுதினார். நம் பொருளுக்குத் தேவைகளை முடிவு செய்வோர் வட அமெரிக்காவில், வடிவமைப்போர் ஐரோப்பாவில், நிரல் எழுதுவோர் சென்னையில், சோதிப்போர் தஞ்சாவூரில். நான்கு ஊர்களுக்கும் இடையில் மூன்று கைமாற்றங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு ஒப்புதல், ஒரு தவறான புரிதல். எங்கள் கிளையில் நல்ல நிரலாளர்கள் இருக்கிறார்கள்; ஆனால் கிளைக்கு ஒதுக்கப்பட்டது சோதனை என்பதால், கண்ணெதிரே தெரியும் பிழையைத் திருத்த அவர்களுக்கு அனுமதி இல்லை. பிழையைப் பதிவு செய்து, சென்னைக்கு அனுப்பி, அடுத்த நாள் பதிலைப் பார்க்கிறார்கள். இப்படிப் பிரித்து வைத்த குழுவுக்கு, வேலை முழுவதையும் தானே முடிக்கும் அஜைல் குழுவைக் குறிக்கும் ஸ்க்ரம் குழு என்ற பெயரை இடுவதால் பயன் எதுவும் இல்லை. ஒரு பொருளின் ஒரு முழுப் பகுதியை, தேவையைக் கேட்பதிலிருந்து வெளியிடுவதுவரை, ஒரே இடத்தில் உள்ள ஒரு குழுவிடம் கொடுங்கள். தஞ்சாவூருக்கு ஒரு பகுதி, சென்னைக்கு ஒரு பகுதி என்று பிரித்தால் இரண்டு ஊர்களும் நன்றாக வேலை செய்யும்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினைந்து நிமிடத் தினக்கூட்டம் என்பது குழுவினர் தங்கள் அன்றைய வேலையைத் தாங்களே திட்டமிட்டுக்கொள்வதற்காக ஏற்பட்டது. எங்கள் தினக்கூட்டம் சிகாகோவில் காலை 9 மணிக்கு நடக்கிறது. அப்போது இங்கே இரவு 7.30 மணி, அங்கே கோடைக்கால நேரம் முடிந்ததும் 8.30 மணி. நாள் முழுதும் செய்து முடித்த வேலையை மேலிடத்துக்கு ஒப்பிக்கும் கூட்டமாகவே அது இருக்கிறது. பாபநாசத்திலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் ரயிலிலும் பேருந்திலும் வந்துபோகும் பெண் ஊழியர்கள் அதனால் எந்த நேரத்துக்கு வீடு சேர்கிறார்கள் என்பதைத் தாங்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தக் காரணத்தாலேயே திறமையான சிலரை நாங்கள் இழந்திருக்கிறோம். எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரமுள்ள புராடக்ட் ஓனர் ஒருவர் எங்கள் பகல் நேரத்தில் கிடைத்தால், கூட்டம் காலையில் பத்து நிமிடத்தில் முடியும். காலாண்டுத் திட்டமிடல் கூட்டம் மீண்டும் மீண்டும் ஜனவரி நடுவில், சரியாகப் பொங்கல் நாட்களில் வைக்கப்படுவதையும் இதோடு சேர்த்துக் குறிப்பிடுகிறேன். உலகளாவிய நாட்காட்டி ஒன்றைத் தயாரிக்கும்போது இந்த ஊரின் நாட்களும் அதில் இடம்பெற வேண்டும்.

அளவுகோல்களைப் பற்றித் தங்கள் அறிவிப்பில் உள்ள ஒரு பத்தியை மாற்றியே ஆக வேண்டும் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கிளையின் வெலாசிட்டியும், அதாவது ஒரு ஸ்பிரின்ட்டில் முடித்த ஸ்டோரி பாயின்ட்களின் கூட்டுத்தொகையும், மாதந்தோறும் ஒப்பிடப்படும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்டோரி பாயின்ட் என்பது ஒரு குழு தன் வேலையைத் தனக்குள் மதிப்பிட்டுக்கொள்ள வைத்திருக்கும் அளவு. ஒரு குழுவின் ஐந்து இன்னொரு குழுவின் ஐந்துக்குச் சமம் அன்று. ஒப்பிடத் தொடங்கிய அடுத்த மாதமே எல்லாக் குழுக்களின் மதிப்பீடுகளும் வீங்கத் தொடங்கும். வேலை அப்படியே இருக்கும். வேறு எதை அளப்பது என்று கேட்டால், இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட நான்கு அளவுகள் ஏற்கெனவே இருக்கின்றன: எவ்வளவு அடிக்கடி வெளியிடுகிறோம், நிரல் எழுதி முடித்ததிலிருந்து அது பயனுக்கு வர எவ்வளவு காலம் ஆகிறது, வெளியீடுகளில் எத்தனை விழுக்காடு பழுதாகிறது, பழுதானால் எவ்வளவு விரைவில் சீராக்குகிறோம். இந்த நான்கும் எங்களை மட்டும் அளப்பவை அல்ல. ஒப்புதல் வாரியத்தையும் வெளியீட்டுப் பிரிவையும் சேர்த்தே அளப்பவை.

தனிநபர் மதிப்பீடும் இதே வகையைச் சேர்ந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு உதவினால் என் தரவரிசை இறங்கும் என்ற நிலையில் எந்தக் குழுவும் குழுவாக இருக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை தகுதித் தரம் இடும் வழக்கத்தை நிர்வாகத்தின் கொடிய நோய்களில் ஒன்றாகவே தர மேலாண்மை அறிஞர் டெமிங் கணித்தார். ஊழியர் எல்லோரையும் ஒரு வளைவில் அடுக்கி, இத்தனை பேர் கீழ்த்தட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதியை, மாறும் பிரிவுகளுக்கேனும் முதலில் நீக்குங்கள்.

நான் சோதனைப் பிரிவைச் சேர்ந்தவன் என்பதால், வரிசையை நிறுத்தும் உரிமையைப் பற்றிக் கூடுதலாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். ஒரு பெரிய வெளியீட்டுக்கு முந்தைய இரவு, எங்கள் கிளையின் இளம் பொறியாளர் ஒருவர், பில் தொகையை முழு எண்ணாக்கும் இடத்தில் ஒரு கணக்குப் பிழையைக் கண்டுபிடித்தார். ஆதாரத்தோடு எழுதி அனுப்பினார். நிறுத்தும் அதிகாரம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதிகாரம் இருந்தவர் தேதி தவறக் கூடாது என்று முடிவு செய்தார். பிழை வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவசரத் திருத்தம் வார இறுதியில் நடந்தது. அதைச் செய்தவர்களுக்குப் பாராட்டு மின்னஞ்சல் வந்தது. முந்தைய இரவு அதைக் கண்டுபிடித்தவரை யாரும் குறிப்பிடவில்லை. அந்த இளைஞர் இப்போதும் நல்ல வேலைதான் செய்கிறார், ஆனால் முன்போலக் கடைசி நேரத்தில் கூடுதலாகத் தேடிப் பார்ப்பதில்லை. இது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. எந்தக் கிளையைச் சேர்ந்தவராயினும், ஆதாரத்தோடு ஒருவர் கேட்டால் வெளியீடு நிற்கும் என்ற விதியைத் தாங்கள் எழுத்தில் தர வேண்டும். அந்த விதியைப் பயன்படுத்தியவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

வெளியீடுகள் சிறியதாக இருந்தால் நிறுத்துவதும் எளிது. காலாண்டின் வேலை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ வெளியிடும் வழக்கம், வடகிழக்குப் பருவமழை டெல்டாவைத் தாக்கும் நாட்களோடு சரியாக மோதுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு இந்த மாவட்டங்களின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு வாரத்தில் ஆண்டின் மிகப் பெரிய வெளியீடும் விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஆபத்துப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிட்டு நகர்வதைவிட, வாரந்தோறும் சிறிது சிறிதாக வெளியிடும் திறனை வளர்ப்பது பாதுகாப்பானது.

அந்தத் திறன் பேச்சால் வருவதன்று. கென்ட் பெக் 1990களில் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் திட்டத்தில் பரிசோதித்து வளர்த்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில், சோதனையை முதலில் எழுதுவதும், எல்லோருடைய நிரலையும் ஒரு நாளில் பலமுறை ஒன்றிணைப்பதும், இருவர் சேர்ந்து எழுதுவதும் மையமாக இருந்தன. எங்கள் மென்பொருளின் பழைய பகுதிகளுக்குத் தானியங்கிச் சோதனை ஏறத்தாழ இல்லை. முழுச் சோதனையை மனிதக் கையால் செய்து முடிக்க வாரங்கள் ஆகின்றன. அந்த நிலையில் இரு வார ஸ்பிரின்ட் என்பது, சோதிக்காததைச் சோதித்ததாகச் சொல்லும் கட்டாயத்தையே உண்டாக்கும். சான்றிதழ்ப் பயிற்சிகளுக்கு ஒதுக்கிய தொகையின் பெரும்பகுதியைத் தானியங்கிச் சோதனைகளுக்கும், ஒவ்வொரு குழுவுக்கும் தனியான சோதனைச் சூழலுக்கும் திருப்பிவிடுங்கள். இதைவிட விரைவாகப் பலன் தரும் செலவு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பல அஜைல் குழுக்களை ஒருங்கிணைக்க எந்தப் பெருவடிவச் சட்டகத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதம் தங்கள் குழுவில் நீண்டுகொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதில் அதிக நேரம் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. இசைச் சேவை நிறுவனமான ஸ்பாட்டிஃபையின் குழு அமைப்பை விவரித்து 2012இல் வெளியான கட்டுரையை எழுதியவர்களே, அது அந்த நிறுவனத்தின் அன்றைய நிலை மட்டுமே என்று குறிப்பிட்டிருந்தார்கள். ஸ்பாட்டிஃபை தன் குழுக்களுக்கு வைத்த பெயர்களைத் தம் துறைகளுக்குச் சூட்டிக்கொண்ட நிறுவனங்கள் பெயர்களைத்தான் பெற்றன.

ஒப்புதல்கள் அனைத்தையும் நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வரி, தனியுரிமை, தணிக்கை ஆகியவற்றில் சட்டம் கேட்கும் சரிபார்ப்புகள் இருந்தே ஆக வேண்டும். பத்து நாடுகளில் வணிகம் செய்யும் நிறுவனத்துக்கு அவை கவசம். ஆனால் ஒவ்வொரு ஒப்புதலையும் எடுத்து, கடந்த ஆண்டில் அது எத்தனை முறை ஒரு மாற்றத்தை உண்மையிலேயே தடுத்தது அல்லது திருத்தியது என்று கேளுங்கள். எதையும் தடுக்காமல் எல்லாவற்றையும் தாமதப்படுத்திய ஒப்புதல்களை முதலில் எடுத்துவிடலாம். மீதமுள்ளவற்றில் பலவற்றைத் தானியங்கிச் சரிபார்ப்பாக மாற்றிவிட்டால், தணிக்கையாளருக்கும் தெளிவான பதிவு கிடைக்கும்.

பெரிய நிறுவனத்தில் இது நடக்காது என்று சொல்வோர் உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸ் என்னும் வணிக மென்பொருள் நிறுவனத்தில் வெளியீடுகள் ஆண்டுக்கு ஒன்று என்ற அளவுக்குத் தேங்கிப்போன 2006ஆம் ஆண்டில், மேலிடமே முன்னின்று உருவாக்கப் பிரிவு முழுவதையும் ஒரே வீச்சில் சில மாதங்களில் மாற்றியது; அதன்பின் வெளியீடுகள் ஆண்டுக்கு மூன்று என்று குறித்த காலத்தில் வரத் தொடங்கின. அங்கே மேலிடம் தன் திட்டமிடும் முறையையும் சேர்த்தே மாற்றிக்கொண்டது.

இடைநிலை மேலாளர்கள் இந்த மாற்றத்தை எதிர்ப்பதாகத் தங்கள் அறிக்கை ஒன்றில் படித்தேன். அவர்களை அப்படிக் குறை கூறுவது நியாயமாகாது. குழு தானே திட்டமிடத் தொடங்கினால் தனக்கு என்ன வேலை என்று எங்கள் கிளையின் திட்ட மேலாளர்கள் அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. தடைகளை அகற்றுவதும் ஆட்களை வளர்ப்பதும்தான் இனி அவர்களின் வேலை என்றும், அதற்கேற்பவே அவர்கள் மதிப்பிடப்படுவார்கள் என்றும், பதவியும் சம்பளமும் குறையாது என்றும் எழுத்தில் தந்தால் அவர்களில் பெரும்பாலோர் மனமுவந்து துணைநிற்பார்கள். அவர்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் கோரிக்கை இதுதான். அடுத்த காலாண்டில் பில் மென்பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆண்டுத் திட்டங்களாக அல்லாமல் நிலையான குழுவாக நிதி ஒதுக்குங்கள். முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரை எங்கள் பகல் நேரத்துக்குத் தாருங்கள். அந்த ஒரு பொருளுக்கு மட்டும் காலாண்டு வெளியீட்டு விதியையும் தரவரிசை விதியையும் நிறுத்திவையுங்கள். தங்கள் குழுவிலிருந்து இருவர், முடிந்தால் நிதிப் பொறுப்பாளரும் வெளியீட்டுப் பிரிவின் தலைவரும், தஞ்சாவூருக்கு வந்து இரண்டு வாரம் எங்கள் குழுவோடு உட்காருங்கள். மேலே சொன்ன நான்கு அளவுகளையும் இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்போம். முன்னேற்றம் இல்லையென்றால் காரணத்தை எண்களோடு நாங்களே எழுதித் தருகிறோம்.

அடுத்த அனைத்து ஊழியர் கூட்டத்தில் இம்மடலுக்குத் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். வருகைக்கான தேதியை ஜனவரி நடுவில் மட்டும் குறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சோதனைப் பிரிவின் மூத்த பொறியாளர் ஒருவர்,
தஞ்சாவூர் கிளை